இந்த வயசுல என்ன ஆட்டம்?

போன மாசம் பெங்களூருக்குப் பொண்ணு வீட்டுக்குப் போனோம். அவ போற சால்சா வகுப்பை வேடிக்கை பார்க்கப் போன எங்க ரெண்டு பேரையும் வாத்தியார் ஆட இறக்கிட்டார்.

மொத்தம் எட்டு எண்ணிக்கை. 1, 2, 3-க்கு அடி வைக்கணும், 4-ல நிக்கணும். 5, 6, 7-க்கு அடி, 8-ல நிக்கணும். நான் இடது காலை முன்னால வச்சா அவ வலது காலைப் பின்னால வைக்கணும். கேட்க லேசுதான். நான் 4-லயும் அடி வச்சு அவ காலை மிதிச்சேன். சேத்துல நடந்தே பழகின கால், நில்லுன்னா நிக்குமா?

"இழுக்காதீங்க சார், கையால குறிப்புக் காட்டுங்க, அவங்களே வருவாங்க"ன்னார் வாத்தியார்.

"இருபத்தெட்டு வருசமா இழுத்தே பழகிட்டாருங்க"ன்னா வீட்டுக்காரி. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு.

ஊர்ல சொன்னா, "பொண்டாட்டி கையைப் புடிச்சுக்கிட்டு வெளிநாட்டு ஆட்டமா?"ங்கறாங்க. கியூபாவுல வேர்விட்டு நியூயார்க்குல வளர்ந்த ஆட்டம்தான், இல்லைங்கல. மிளகாயும் மக்காச்சோளமும்கூட அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்ததுதானே? அதை வேண்டாம்னா சொன்னோம்? நாலு பேர் முன்னால பொண்டாட்டியை அதட்டலாம், கையைப் புடிக்கக் கூடாதுங்கறது என்ன நியாயம்?

அறுவடை முடிஞ்சு களம் காலியாத்தான் கிடக்கு. பொழுது சாய்ஞ்சதும் ரெண்டு பேரும் எண்ணிப் பார்க்கிறோம். 4-ல கால் இன்னும் நிக்க மாட்டேங்குது.