தெருவைக் காத்து வைத்தவர்

சென்ற தவணையில் எமது வகுப்பு மாணாக்கருக்குச் சிறு வேலையொன்று கொடுத்தோம். அவரவர் வாழும் தெரு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் எவ்வாறு இருந்தது என்பதைக் காட்டும் ஒரு படத்தை வீட்டிலே தேடி எடுத்துவர வேண்டும் என்பதே அவ்வேலை. மறுவாரம் மேசை நிறையப் படங்கள் குவிந்தன. திருமணப் படங்கள், பூப்புனித நீராட்டு விழாப் படங்கள், ஏடு தொடக்கிய படங்கள், தேர்த் திருவிழாவன்று பட்டு வேட்டியுடன் எடுத்த படங்கள் எல்லாம் இருந்தன. தெருவின் படம் ஒன்றுதானும் இல்லை. ஒரு மாணவி கொண்டுவந்த மணமக்கள் படத்திலே, காரின் கதவுக்கு அப்பால், கிடுகு வேலியொன்றின் ஓரமும் சைக்கிள் சில்லொன்றின் பாதியும் தெரிந்தன. "சேர், இதுதான் எங்கட ஒழுங்கை" என்று அவள் விரலால் தொட்டுக் காட்டினாள்.

விழா நாளைப் படம் பிடித்துப் போற்றும் நாம், அதற்கு அடுத்த நாளை விட்டுவிடுகின்றோம். அந்த அடுத்த நாள்தான் நாம் உண்மையில் வாழ்ந்த நாள் என்பது பல ஆண்டுகள் கழிந்த பின்னரே மனதில் உறைக்கின்றது. மாணாக்கரின் படங்களைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை, பாரிஸ் மாநகரத்துத் தெருக்களிலே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாரமான மரக் கமராவைத் தோளிலே சுமந்து திரிந்த ஒருவரின் நினைவு எமக்கு வந்தது. அவர் பெயர் யூஜீன் அட்ஜே.

அட்ஜே 1857 ஆம் ஆண்டு பிரான்சு தேசத்திலே, போர்தோ நகருக்கு அண்மையிலுள்ள லிபூர்ன் என்னும் ஊரிற் பிறந்தவர். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, பாட்டன் பாட்டியாரிடம் வளர்ந்தார். சில காலம் கப்பலில் வேலை செய்தார். பின்னர் நடிகராக விரும்பிப் பாரிஸ் சென்று நாடகக் கல்லூரியிற் சேர்ந்தார். கட்டாய இராணுவ சேவையும் படிப்பும் ஒருங்கே நடவாமையால் அங்கிருந்து விலக நேர்ந்தது. ஊரூராகச் சென்று நடித்தார். தொண்டையிலே நோய் கண்டமையால் அதுவும் நின்றது. ஓவியம் தீட்டிப் பார்த்தார். அது சோறு போடவில்லை. முப்பது வயதைத் தாண்டிய பின்னரே கமரா அவர் கைக்கு வந்தது. எத்தனையோ வாயில்கள் அடைபட்ட பின் திறந்த வாயில் அது.

அவர் தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. வாசலில் அவர் தொங்கவிட்ட பலகையிலே 'கலைஞர்களுக்கான ஆவணங்கள்' என்று எழுதியிருந்தது. ஓவியம் தீட்டுவோருக்கு ஒரு மரத்தின் படம் வேண்டும். நாடக மேடை அமைப்போருக்கு ஒரு பழைய முற்றத்தின் படம் வேண்டும். இரும்பு வேலை செய்வோருக்கு ஒரு மாடிப்படிக் கம்பியின் வளைவு வேண்டும். அத்தகையோருக்குப் படம் விற்று அவர் சீவியம் நடத்தினார்.

அக்காலத்துப் பாரிஸ் மாறிக்கொண்டிருந்த நகரம். 1853 முதல் 1870 வரை நகரத்தின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஓஸ்மான் என்பவர், மூன்றாம் நெப்போலியன் மன்னரின் ஆணைப்படி, நெருக்கமான பழைய குடியிருப்புகளை இடித்து அகன்ற பெருவீதிகளை அமைத்தார். காற்றும் வெளிச்சமும் வந்தன. நிலத்தடியிலே கழிவுநீர் வாய்க்கால்கள் ஓடின. ஆயின், தலைமுறை தலைமுறையாக மக்கள் நடந்த ஒழுங்கைகள் பல மறைந்தன. அட்ஜே கமராவைத் தூக்கிய காலத்திலும் இடிப்பு வேலை ஓயவில்லை. 1889 இல் ஈபெல் கோபுரம் எழுந்தது. 1900 இல் நிலத்தடிப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. உலகம் அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தவேளை, அட்ஜே அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாளை இருக்குமோ இராதோ என்ற நிலையில் நின்ற பழைய தெருக்களின் பக்கம் நடந்தார். 1897 ஆம் ஆண்டளவில் தொடங்கிய இந்த நடை அவர் ஆயுள் முடியும்வரை தொடர்ந்தது.

அவர் கையாண்ட கருவியைப் பற்றி இக்காலத்து இளைஞர் அறிந்துகொள்ளுதல் நன்று. மடிப்புத் துருத்தி பொருத்திய மரக் கமரா, அதற்கு முக்காலி, பதினெட்டுச் சதம மீற்றர் அகலமும் இருபத்துநான்கு சதம மீற்றர் நீளமுமான கண்ணாடித் தகடுகள். ஒரு தகட்டுக்கு ஒரு படந்தான். விடியற்காலையில் இந்தப் பாரத்தையெல்லாம் சுமந்துகொண்டு புறப்படுவார். தகட்டிலே வெளிச்சம் பதியச் சில விநாடிகள் வேண்டும். அதற்கிடையில் நடந்து போனவர் படத்திலே புகை போலத் தெரிவர். நின்றவர் மாத்திரமே நிலைத்தனர். வீட்டிற்குத் திரும்பித் தகட்டைக் கழுவி, தாளின்மீது வைத்து, வெய்யிலிலே காயவிட்டுப் பிரதி எடுப்பார். இத்தனை பாடுபட்டு ஒருவர் படம் எடுப்பதாயின், எதை எடுப்பது என்று எத்துணை யோசித்திருப்பார்!

அங்ஙனம் யோசித்து அவர் எடுத்தவை யாவை? கதவிலே பொருத்திய தட்டுவளையம், தேய்ந்த கற்படிகள், கிணறு உள்ள முற்றம், மரக்கறிக் கடை, கூடை விற்பவர், விளக்கு மூடிகளைத் தோளிற் கட்டித் திரியும் வியாபாரி, குப்பையிற் பொறுக்கிய கந்தையை வண்டியிலே மலைபோல ஏற்றி இழுக்கும் தொழிலாளி. தெருவிலே இசைப்பெட்டி சுழற்றும் தாடிக் கிழவர் ஒருவரும், அவர் பக்கத்திலே முகத்தை உயர்த்திச் சிரித்துப் பாடும் சிறிய பெண்ணொருத்தியும் உள்ள படம் மிகப் பெயர் பெற்றது. 1908 இல் சேன் நதிக் கரையிலே ஒரு மதுச்சாலையின் கண்ணாடிக் கதவை அவர் படம் பிடித்தார். உள்ளே நிற்போர் இவரை வியப்புடன் எட்டிப் பார்க்கின்றனர். அதே கண்ணாடியில் இவருடைய உருவமும் கமராவும் நிழலாகத் தெரிகின்றன. தெருவைப் பார்த்தவரைத் தெரு திரும்பிப் பார்த்த படம் அது.

புதுமையை அவர் வெறுத்தார் என்று எண்ணிவிடலாகாது. 1912 இல் பெண்களின் இடைக் கச்சைகள் வரிசையாகத் தொங்கும் கடையையும், 1925 இல் துணிக்கடைக் கண்ணாடிக்குள் நின்று சிரிக்கும் பொம்மைகளையும் படம் பிடித்தவர் அவரே. பொம்மைகளின்மீது எதிர்வீட்டுச் சாளரங்களும் மரங்களும் கண்ணாடி வழியே நிழலாடுகின்றன. பொம்மை எது, தெரு எது என்று பிரித்தறிதல் அரிது. பழைய நகரத்தின் முகமும் புதிய நாகரிகத்தின் ஆசையும் ஒரே தகட்டிலே பதிந்திருப்பதை அங்கே காண்கின்றோம்.

இப்படங்களைப் புதுமைக் கலைஞர் சிலர் கண்டு வியந்தனர். அவர் குடியிருந்த அதே வீதியில் மான் ரே என்னும் அமெரிக்கக் கலைஞரும் வசித்தார். 1912 ஏப்ரல் 17 இல் சூரிய கிரகணத்தைப் பார்க்கத் தெருவிலே கூடி அண்ணாந்து நின்ற மக்களின் படத்தை, 1926 இல் அக்கலைஞர் குழுவின் சஞ்சிகை அட்டையில் வெளியிட்டனர். அட்ஜே சம்மதித்தார், ஆயின் தமது பெயரைப் போட வேண்டாமென்றார். தாம் செய்வது ஆவணமே என்பது அவர் விடை. கிரகணத்தைப் படம் பிடிக்காமல், கிரகணம் பார்த்த மனிதரைப் படம் பிடித்த மனம் அது.

பெயரைப் பற்றிக் கவலைப்படாத அவரை வாட்டிய கவலை வேறொன்று. 1920 இல் அரசாங்கக் கலைப் பகுதித் தலைவருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாமாகவே முயன்று பழைய பாரிஸ் முழுவதையும் சேர்த்துவிட்டதாக அதிற் கூறுகின்றார். தாம் முதுமையை நெருங்குவதையும், தமக்குப் பின் இச்செல்வத்தைப் பேண ஒரு வாரிசு இல்லாமையையும் எடுத்துக்காட்டி, இதன் அருமை அறியாதார் கையிற் சேர்ந்து அழிந்துபோகுமோ என்று வருந்துகின்றார். அரசாங்கம் 2,621 கண்ணாடித் தகடுகளைப் பத்தாயிரம் பிராங்குக்கு வாங்கிக்கொண்டது. 1926 இல் வாழ்க்கைத் துணையாயிருந்த அம்மையார் காலமானார். 1927 ஓகஸ்ட் 4 இல் அட்ஜேயும் கண்மூடினார்.

மிகுதித் தகடுகள் என்னாயின? இங்கேதான் பெரனிஸ் அபொட் என்னும் இளம் அமெரிக்கப் பெண்ணுக்கு நாம் நன்றி கூற வேண்டும். மான் ரேயிடம் இருட்டறை வேலை பழகிய அவர், கிழவர் இறப்பதற்குச் சில காலம் முன்னரே அவரைத் தமது கலையகத்துக்கு அழைத்துப் படம் பிடித்தார். என்றும் பழைய உடையில் திரிந்தவர், அன்று நல்ல மேலங்கி அணிந்து வந்திருந்தார். அந்தப் படங்களைக் காட்டவென்று அபொட் அவர் வீட்டிற்குச் சென்றபோது, அவர் இறந்துவிட்டார் என்ற செய்தியே காத்திருந்தது. 1928 இல் அவர் கடன்பட்டும் பாடுபட்டும் அத்தகடுகளையும் பிரதிகளையும் வாங்கினார். நியூ யோர்க் கொண்டுசென்று நாற்பது ஆண்டுகள் பேணினார். 1968 இல் அந்நகரத்து நவீன கலை நூதனசாலையிற் சேர்ப்பித்தார். அட்ஜேயிடம் கற்ற பாடத்தை அவர் செயலிலும் காட்டினார். 1930களில், வானளாவிய மாடங்கள் எழுந்தவண்ணமிருந்த நியூ யோர்க் நகரத்தின் தெருக்களையும் கடைகளையும் படம் பிடித்து, 1939 இல் நூலாக வெளியிட்டார்.

எடுப்பவர் ஒருவர், காப்பவர் ஒருவர் ஆக இருவர் இருந்தமையாற்றான் ஒரு நகரத்தின் சாதாரண நாட்கள் நிலைத்தன. இருவரில் ஒருவர் தவறியிருப்பினும் அந்த இசைப்பெட்டிக்காரர் இன்று இல்லை.

இதை நாம் பாரிஸ் நகரத்தின்மீது கொண்ட மோகத்தாற் சொல்லவில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நாம் பள்ளி மாணாக்கராயிருந்தோம். எமது அன்னையார் காணி உறுதிகளையும், பிறப்புச் சான்றிதழ்களையும், ஓர் அல்பத்தையும் பொலித்தீன் பையிலே சுற்றி எடுத்துக்கொண்டார். அந்த அல்பம் இன்றும் எம்மிடம் உண்டு. அதிலே திருமணங்களும் பிறந்த நாட்களும் குறைவின்றி உள. மறு ஆண்டு திரும்பி வந்தபோது, எமது சந்தியிலிருந்த தையற்கடையும் இல்லை. அதன் முன் நின்ற வேம்பும் இல்லை. அந்த வேம்பு கடைக்குக் கிழக்கே நின்றது என்பார் எமது தமையனார். மேற்கே என்போம் நாம். கனடாவிலிருந்து அவர் தொலைபேசியிற் பேசும்போதெல்லாம் இவ்வழக்கு எழும். தீர்த்துவைக்கக்கூடிய தந்தையாரும் போய்விட்டார். பத்தாண்டு காலம் நாளும் நான்கு முறை கடந்து சென்ற மரம் அது. ஒரு படம் இருந்திருப்பின்!

இன்று எம் பிள்ளைகளின் சட்டைப்பையிலே கமரா உள்ளது. தகடு வேண்டாம்; முக்காலி வேண்டாம்; வெய்யிலும் வேண்டாம். அட்ஜே தம் வாழ்நாளில் எடுத்த படங்கள் சில ஆயிரங்களே. ஓர் இளைஞர் இரண்டு ஆண்டுகளில் அவற்றிலும் மேலாக எடுத்துவிடுகின்றார். ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை அவரவர் முகங்களே, எஞ்சியவை விழாக்கள். கைத்தொலைபேசி பழுதடைந்தால் அவை யாவும் ஒருங்கே மறைகின்றன. கருவி எளிதானமையால் கண் கூர்மையாகிவிடவில்லை. பார்த்தல் என்பது இன்றும் பழைய விலைக்கே கிடைக்கின்றது. நின்று பார்க்க வேண்டும்.

ஆதலின் மாணாக்கருக்கு அடுத்த தவணை வேலையை மாற்றி வைத்துள்ளோம். ஒரு ஞாயிறு காலை, எவரும் புத்தாடை அணியாத வேளையில், தத்தம் தெருவிலே நின்று பத்துப் படங்கள் எடுக்க வேண்டும். படலை, மதகு, சந்திக் கடை, மீன் விற்க வரும் ஐயாவின் சைக்கிள், இன்னும் மிஞ்சியிருக்கும் கிடுகு வேலி ஆகிய எதுவாயினும் ஆகலாம். மனிதரை எடுப்பதாயின் முதலில் அவர் சம்மதத்தைக் கேட்க வேண்டும். அட்ஜே தகட்டிலே இலக்கம் கீறி, பிரதியின் பின்புறத்தில் இடத்தின் பெயரை எழுதியதுபோல, இடம், திகதி, ஆட்களின் பெயர் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். பெயரில்லாத படம் ஒரு தலைமுறைக்குள் ஊமையாகிவிடும். தாளிலே ஒரு பிரதி எடுத்து வீட்டில் வைத்து, மற்றொரு பிரதியை வேறிடத்திலே சேர்க்கவும் வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகள் அழிந்ததைக் கண்ட சமூகம் நாம். ஓரிடத்தில் மாத்திரம் இருப்பது இருப்பதாகாது.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் குப்பை வண்டியையும் பழைய மதகையும் படம் எடுத்துவந்து காட்டும்போது, "இதை ஏன் பிள்ளை எடுத்தனி?" என்று கடிந்துகொள்ளாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, அந்த மதகடியில் முன்னர் யார் யார் கூடியிருந்தனர் என்று சொல்லிக் கொடுங்கள். அதையும் பிள்ளை எழுதிக்கொள்ளட்டும்.

மணமக்கள் படத்தைக் கொண்டுவந்த மாணவி, அந்த வேலியின் ஓரத்தை மாத்திரம் பெரிதாக்கிப் பிரதி எடுத்துள்ளாள். அதன் பின்புறத்திலே தன் ஒழுங்கையின் பெயரையும் ஆண்டையும் எழுதி எம்மிடம் காட்டினாள். அந்தச் சைக்கிள் யாருடையது என்று பாட்டியாரிடம் கேட்டு வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கின்றாள்.