மூக்கு ஆபரேஷன்: திரும்ப வளருமா?

வருஷக்கணக்கில் மூக்கடைப்போடு காலம் தள்ளுபவர்களிடம் ஆபரேஷன் பேச்சை எடுத்தால் போதும், உடனே ஒரு பதில் வரும். "அதெல்லாம் பண்ணியும் பிரயோஜனம் இல்லைங்க, திரும்ப வளர்ந்துடும்." பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படித்தான் ஆனதாம்!

இது பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

"மூக்குல சதை வளர்ந்திருக்கு" என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. பாலிப் ஒன்று. அலர்ஜியில் வீங்கும் டர்பினேட் இன்னொன்று. குழந்தைகளுக்கு வரும் அடினாய்டு மூன்றாவது. இவை போக, மூக்கின் நடுச்சுவர் ஒரு பக்கமாக வளைந்திருப்பது தனிக் கதை.

பாலிப் திரும்ப வரக்கூடியதுதான். அதுவும் ஆஸ்துமா இருந்தால் வாய்ப்பு அதிகம். அதனால் எடுத்த பிறகும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தொடரச் சொல்கிறார்கள். டர்பினேட்டும் மறுபடி வீங்கலாம். கத்தி சதையைக் குறைக்கும், அலர்ஜியைக் குறைக்காது.

வளைந்த சுவர் அப்படியல்ல. செப்டோபிளாஸ்டியில் மூக்குக்குள்ளேயே கீறி, சவ்வை விலக்கி, வளைந்த குருத்தெலும்பையும் எலும்பையும் சரி செய்கிறார்கள். வெளியே தழும்பு தெரியாது. நிமிர்த்திய சுவர் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பிரிட்டனில் 378 பேரிடம் நடந்த ஆய்வு 2023ல் வெளியானது. ஆறு மாதம் கழித்து, ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் தொல்லை மதிப்பெண் சராசரியாக 20. ஸ்பிரேயோடு நின்றவர்களுக்கு 40. பாதிக்குப் பாதி!

அதற்காக ஸ்கேனில் வளைவு தெரிந்த எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. லேசான வளைவு ஏராளமானவர்களுக்கு உண்டு, தொந்தரவே இல்லாமல். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் போட்டால், அதுவே அடைப்பை உண்டாக்கும். மாசக்கணக்கில் போடுபவர்கள் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

இன்னொரு எச்சரிக்கை. டர்பினேட் வேண்டாத சதை அல்ல. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது அதுதான். அளவுக்கு மீறி வெட்டிவிட்டால், வழி அகலமாகத் திறந்திருந்தும் மூச்சு முட்டுவது போலவே இருக்கும் சிலருக்கு. 'எம்ப்டி நோஸ்' என்று 1994ல் மேயோ கிளினிக்கில் பெயர் வைத்தார்கள். திரும்ப வளர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள் ஜனங்கள். உண்மையில் பயப்பட வேண்டியது, வெட்டிய பிறகு திரும்ப வளராததைப் பற்றி.

பணக் கணக்கும் முக்கியம். பல மெடிக்ளெய்ம் பாலிசிகளில் இந்த வகை ஆபரேஷனுக்கு இரண்டு வருஷக் காத்திருப்பு உண்டு. தேதி குறிக்கும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது.

டாக்டரிடம் கேட்க வேண்டியது மூன்றே கேள்விதான். வளைவா, வீக்கமா, பாலிப்பா? மருந்தை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தாயிற்றா? எதை எடுக்கப் போகிறார், எவ்வளவு மிச்சம் வைக்கப் போகிறார்? தெளிவான பதில் வந்தால் தைரியமாகப் படுக்கலாம். வராவிட்டால் இன்னொரு டாக்டரைப் பார்ப்பதில் தப்பே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் கேட்க வேண்டாம். அவர் மூக்கு வேறு!