பிள்ளைகளின் கையில் எழுதுகோலைக் கொடுங்கள்!

நம் உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் விரிவானம் என்னும் பெயரில் சிறுகதைகள் பலவற்றைப் படிக்கின்றனர். தாமே ஒரு கதையை எழுதிப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுள் எத்தனை பேருக்குக் கிட்டுகின்றது? பிறர் எழுதிய கதையைச் சுருக்கி எழுதச் சொல்கின்றோம். கட்டுரை என்றாலோ, முன்னுரை முதல் முடிவுரை வரை தலைப்புகளைத் தேர்வுத்தாளே தந்துவிடுகின்றது. நிரப்ப வேண்டிய வரிகளை விளக்கவுரை நூல் தந்துவிடுகின்றது. பிள்ளை தருவது கைவலி ஒன்றைத்தான்! போதாக்குறைக்கு, 2019ஆம் ஆண்டில் பத்தாம் வகுப்பின் இரு தமிழ்த்தாள்களும் ஒன்றாக்கப்பட்டன. மொழிப்பயிற்சிக்கென இருந்த தனித்தாளும் போயிற்று.

கதை எழுதுவது பிறவித்திறம், அதனைக் கற்பிக்க இயலாது என்பார் உளர். செயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், கி.இராசநாராயணன் உயர்நிலைப் படிப்பை முடிக்காதவர் என்று சான்றும் காட்டுவர். சரி, அவர்கள் எவரிடமும் கற்கவில்லையா? செயகாந்தனுக்குப் பொதுவுடைமைக் கட்சி அலுவலகமும் அச்சுக்கூடமும் பள்ளியாயின. இராசநாராயணனுக்கு இடைசெவல் மக்களின் வாய்க்கதைகளும், அவ்வூரிலேயே பிறந்த கு.அழகிரிசாமியின் நட்பும் பள்ளியாயின. கற்பிக்க இயலாது என்பதற்கா இது சான்று? பள்ளிக்கூடம் கற்பிக்கவில்லை என்பதற்கன்றோ சான்று! அத்தகைய சூழல் வாய்க்காமல் எழுதாமலே மடிந்தவர் எத்தனை ஆயிரவரோ?

கற்பிக்கும் நெறிக்காக மேலைநாட்டு நூல்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. தொல்காப்பியர் பாட்டுக்கென வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்றும் சிறுகதைக்கும் பொருந்தும். இடமும் பொழுதும் முதல். அங்குள்ள மரமும் விலங்கும் உணவும் தொழிலும் கரு. அங்கு வாழும் மாந்தரின் உள்ளத்து உணர்வு உரி. இம்மூன்றையும் குறித்துக் கொண்ட பிள்ளை கதையின் பாதியைக் கட்டிவிட்டது. 'அவள் அஞ்சினாள்' என்று எழுதும் மாணாக்கிக்கு மெய்ப்பாட்டியலைச் சொல்லுங்கள். அச்சம் என்னும் சொல்லே இல்லாமல், நா வறண்டதையும் கை நடுங்கியதையும் எழுதச் செய்யுங்கள். மெய்ப்பாடுகள் எட்டு, பயிற்சிகளும் எட்டு!

இன்னொரு கொடுமையும் உண்டு. நெசவாளன் மகன் பாவு, ஊடை, தறி என்றும், மீனவன் மகள் வாடை, கச்சான், கட்டுமரம் என்றும், உழவன் மகன் நாற்றங்கால், களத்துமேடு என்றும் வாய் நிறையச் சொற்களோடு பள்ளிக்கு வருகின்றனர். இவை அகரமுதலிக்கே ஊட்டந்தரும் சொற்கள். இவற்றைக் கொச்சையென்று சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'பஸ்', 'டிக்கெட்', 'ஆபீஸ்' என்பவற்றை அடிக்காமல் விடுகின்றோமே, இதற்கு என்ன கரணியம்? ஒலி சிதைந்த சொல்லைத் திருத்துங்கள், ஊர்ச்சொல்லை அழிக்காதீர்கள். ஊர்ச்சொல்லை இழந்த பிள்ளை தன் ஊரையே எழுத இயலாதவனாகின்றான்.

தமிழாசிரியப் பெருமக்களே! அரசாணைக்குக் காத்திராதீர்கள். கிழமைக்கு ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். மதிப்பெண் வேண்டா. எழுதியதை எழுதியவரே உரக்கப் படிக்கட்டும்; புரியாத இடத்தை வகுப்பு கேட்கட்டும்; அதன்பின் ஒருமுறை திருத்தி எழுதட்டும். அத்தனை பேரும் எழுத்தாளராக வேண்டுவதில்லை. தன் வீட்டுத் துயரையும் தன் தெருவின் முறைகேட்டையும் தன் சொல்லால் எடுத்துரைக்கத் தெரிந்தவனை எவனும் எளிதில் ஏய்த்துவிட இயலாது. மனப்பாட வரிகளையே எழுதிப் பழகிய கையோ, நாளை எவன் எழுதித் தந்தாலும் அதன்கீழ்க் கையொப்பமிடும்!