குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை: பேசி முடிக்க நாங்கள் துணை நிற்க மாட்டோம்

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் குழந்தைகளோடும் பெற்றோரோடும் வேலை செய்கிற எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது. ஒரு குழந்தை தன்னிடம் ஒருவர் தவறாக நடந்துகொண்டதாகச் சொன்னால் பெரியவர்கள் நம்ப வேண்டும். தாமதிக்காமல் புகார் தர வேண்டும். குடும்ப மானம், பள்ளியின் நற்பெயர், தெருவின் கௌரவம் என எதைச் சொல்லியும் இதைப் பேசி முடிக்கக் கூடாது. அந்தப் பேச்சுக்கு மத்தியஸ்தம் செய்ய எங்களை யாரும் அழைக்க வேண்டாம்.

இப்போது இதைச் சொல்ல அவசியம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் திருச்சி நகரில் பள்ளி விடுதிச் சிறுமிகளிடம் அத்துமீறியதாக அரசு மருத்துவர் ஒருவர் கைதானார். 2025 பிப்ரவரியில் மணப்பாறை தனியார் பள்ளியில் நான்காம் வகுப்புச் சிறுமி தொடர்பான வழக்கு வந்தது. இரண்டிலும் பள்ளிப் பொறுப்பில் இருந்தவர்களும் கைதானார்கள். குற்றம் நிரூபணமாவது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் சிறுமிகள் வாய் திறப்பதற்கு முன்பு சுற்றியிருந்த பெரியவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்பது ஊரே யோசிக்க வேண்டிய விஷயம்.

பழைய வழக்கு ஒன்றை இங்கே பலர் மறந்துவிட்டார்கள். திருச்சியிலிருந்து சற்றுத் தூரத்தில், புதுக்கோட்டை மாவட்டம் ஃபாத்திமா நகரில் பிரேமானந்தா என்ற சாமியார் நடத்திய ஆசிரமத்தின் வழக்கு அது. இலங்கையிலிருந்து வந்த ஆதரவற்ற பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது புண்ணிய காரியம். 1994-இல் அங்கிருந்து தப்பி வந்த பெண்கள் சொன்ன பிறகுதான் உள்ளே நடந்தது தெரிந்தது. சிறுமிகள் உட்பட 13 பேரைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்கும் ஒருவரைக் கொலை செய்ததற்கும் 1997 ஆகஸ்ட் 20 அன்று புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பளித்த நீதிபதி ஆர். பானுமதி பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். உயர் நீதிமன்றமும், 2005-இல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தன. அதற்குப் பிறகும் அவரை நம்பிய பக்தர்கள் இருந்தார்கள். தஞ்சம் தந்தவர், சோறு போட்டவர், சாமியார் என்று ஒருவர் மீது ஊர் வைக்கும் மரியாதை எத்தனை வருடம் உண்மையை மூடி வைக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

குற்றவாளி இருட்டில் ஒளிந்திருக்கும் அந்நியன் என்றே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். 53 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்திருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். துன்புறுத்தியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள்.

அப்படிப்பட்டவர் முதலில் வசப்படுத்துவது குழந்தையை அல்ல, வீட்டை. டியூஷன் ஃபீஸ் வேண்டாம் என்பார். மழை நாளில் பைக்கில் கொண்டுவந்து விடுவார். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் தூக்கிச் சேவை பண்ணி வைப்பார். "நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி" என்ற பெயர் வந்த பிறகு, போனில் விளையாட விடுவது, "அம்மாகிட்டச் சொல்லாதே" என்ற முதல் ரகசியம், தற்செயல் போலக் கை படுவது என்று ஒவ்வொன்றாக வரும். குழந்தை சொல்லும்போது வீடு அவர் பக்கம் நிற்கும். "மாமா அப்படிச் செய்வாராடீ?" என்ற அந்த ஒரு வரியில் குழந்தையின் வாய் அடைந்துவிடுகிறது. உதவி செய்கிறவர்கள் எல்லோரையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. பெற்றோரிடம் மறைக்கச் சொல்லும் எந்த அன்பையும் சந்தேகியுங்கள் என்கிறோம்.

பாதிப்பு ஒரே மாதிரி இருக்காது. சில பிள்ளைகள் மறுபடி படுக்கையை நனைப்பார்கள். காரணமில்லாத வயிற்றுவலி, ஒருவர் வந்தால் மட்டும் அறைக்குள் ஒளிவது, திடீரென்று மதிப்பெண் சரிவது. சில பிள்ளைகளிடம் ஒரு மாற்றமும் தெரியாது, சிரித்து விளையாடுவார்கள். "ஒன்றும் நடக்காதது போலத்தானே இருக்கிறாள்" என்று அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பயத்தில் உடல் உறைந்துபோவதும், தொடுகைக்கு உடல் தன்னிச்சையாக எதிர்வினை காட்டுவதும் சம்மதம் ஆகாது. இதை யாரும் சொல்லாததால்தான் நாற்பது வயதிலும் "நானும் காரணமோ" என்று பலர் தங்களையே குற்றம் சாட்டிக்கொள்கிறார்கள். பாதிக்கப்பட்ட பையன்கள் பெரியவர்களானதும் அதையே செய்வார்கள் என்ற பேச்சு அவர்களுக்கு இழைக்கும் இன்னொரு அநியாயம். மிகப் பெரும்பாலோர் அப்படி ஆவதில்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் உள்ள போக்சோ சட்டம் ஆண், பெண் குழந்தைகள் இருவருக்கும் பொது. 19-ஆவது பிரிவின்படி குற்றம் பற்றித் தெரிந்த எவரும் தகவல் தந்தே ஆக வேண்டும். மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே பயப்படும் பெற்றோருக்குச் சொல்கிறோம்: குழந்தையின் வீட்டிலேயோ அது விரும்பும் இடத்திலேயோ, சீருடை அணியாமல், கூடுமானவரை பெண் அதிகாரி ஒருவர்தான் வாக்குமூலம் வாங்க வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் குழந்தையை நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும். இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். மறுக்கப்பட்டால் எங்களிடம் வாருங்கள், கூட வருகிறோம். சமரசம் ஆகிவிட்டது என்று சொல்லி வழக்கை ரத்து செய்ய முடியாது என்று ராஜஸ்தான் ஆசிரியர் ஒருவர் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

தூக்குத் தண்டனை வேண்டும் என்ற கோரிக்கையில் நாங்கள் சேரவில்லை. 2019 திருத்தத்தின்படி கடுமையான குற்றங்களுக்கு அது சட்டத்தில் உண்டு. ஆனால் குற்றம் செய்தவர் சித்தப்பாவாக இருக்கும்போது, தன் வார்த்தையால் ஒருவர் தூக்கில் தொங்குவார் என்ற பயம் குழந்தையின் வாயை இன்னும் இறுக்கி மூடும் என்பதே எங்கள் கவலை. மணப்பாறையில் பள்ளியை அடித்து நொறுக்கியவர்களின் கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கலவரம் விசாரணைக்கு உதவாது. தன்னால்தான் இத்தனையும் என்று குழந்தையை நினைக்க வைக்கும். விரைவான, நிச்சயமான விசாரணையைத்தான் கேட்கிறோம். சட்டம் சொல்லும் ஓராண்டுக்குள் வழக்குகளை முடிக்க நீதிமன்றங்களுக்கு ஆளும் வசதியும் தர வேண்டும். ஒவ்வொரு வழக்கிலும் குழந்தைக்குத் துணைநபர் ஒருவர் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

பள்ளிகள், விடுதிகள், டியூஷன் சென்டர்கள், வேத பாடசாலைகள், பாட்டு, நடன வகுப்புகள், பள்ளி வேன்கள் அனைத்தும் தங்கள் விதிகளை எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். எங்களுக்கும் அதே விதிதான். எங்கள் ஊழியரோ தன்னார்வலரோ மூடிய அறையில் குழந்தையோடு தனியே இருக்கக் கூடாது. குழந்தையோடு தனிப்பட்ட முறையில் போனில் தொடர்பு வைக்கக் கூடாது. எங்களில் ஒருவர் மீது புகார் என்றால் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சொல்லக் காத்திருக்காதீர்கள். நேராகக் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ மகளிர் காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள்.