கேட்க ஆளுண்டா?

முதியோர் இல்லத்திலே கட்டில் கிடைக்கலாம், சோறு கிடைக்கலாம், மருந்தும் கிடைக்கலாம். ஆனால் சோறு ஆறிப்போய் வந்தால், மணியடித்தும் ஆள் வராவிட்டால், தூங்கிக் கிடக்கட்டுமென்று தேவையற்ற மாத்திரையைக் கொடுத்தால், கேட்பது யார்? கேட்டால் நாளைக்கு இதுவும் கிடைக்காதோ என்ற அச்சம் தளர்ந்த நாவைக் கட்டிப் போடுகிறது. பசியினும் கொடிது அந்த அச்சம்!

பணக்கார அமெரிக்காவிலே இந்தக் குறை இருக்காது என்று எண்ணுவோர் உண்டு. இருந்தது; இன்றும் இருக்கிறது. ஆனால் அதற்கொரு வழி கண்டார்கள். நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோருக்காக வாதாட, 'ஆம்பட்ஸ்மன்' எனும் குறைகேள் அலுவலரை 1972இல் ஐந்து மாநிலங்களில் சோதனையாக அமர்த்தினர். பெயர் சுவீடன் நாடு தந்தது. 1809இலேயே அங்கு அப்பதவி பிறந்துவிட்டது. 1978இல் அமெரிக்க முதியோர் சட்டத்தைத் திருத்தி, மாநிலந்தோறும் இந்த ஏற்பாடு இருந்தே தீரவேண்டுமென்று விதித்தனர்.

சம்பளக்காரர் சிலரால் மட்டும் முடிகிற பணியா இது? எனவே தொண்டர்களை அழைத்தனர். அவர்கள் பயிற்சி பெறுகிறார்கள், சான்று பெறுகிறார்கள், கூலி பெறுவதில்லை. தமக்கென ஒதுக்கப்பட்ட இல்லத்துக்குத் தவறாமல் சென்று, கட்டிலருகே அமர்ந்து காது கொடுக்கிறார்கள். முதியவர் இசைந்தாலன்றி அவர் பெயரை நிர்வாகத்திடம் சொல்லக்கூடாது. அந்த இல்லத்தில் பங்குள்ளவரும் சம்பளம் வாங்குபவரும் இப்பணிக்கு வரக்கூடாது. குறை சொன்னவரைப் பழிவாங்குவது சட்ட விரோதம். 'வெளியேறு' என்று நோட்டீஸ் வந்தால், எதிர்த்து முறையிட வழிகாட்டுவதும் இவர்கள் வேலை.

2020 மார்ச்சில், கொரோனாவை முன்னிட்டு அந்நாட்டு இல்லங்களின் கதவுகள் பார்வையாளருக்கு அடைக்கப்பட்டன. தொண்டர்களும் வெளியே நிற்க நேர்ந்தது. உள்ளே நடப்பதைக் காண வெளியார் கண் இல்லாத அந்த மாதங்களே, அக்கண்ணின் அருமையை உணர்த்தப் போதும்.

நமக்கு இதில் பாடமில்லையா? பெற்றோர், மூத்த குடிமக்கள் நலனுக்கென 2007இல் இந்தியாவில் வந்த சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றேனும், வறிய முதியோர் 150 பேருக்குக் குறையாமல் தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. அமைக்கலாமாம்! அமைத்தே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. இல்லத்துக்குள் சென்று முதியோருக்காகப் பேசும் தொண்டருக்கோ அதில் இடமே வகுக்கவில்லை.

நம்மவரிடம் இரக்கத்துக்குப் பஞ்சமில்லை. தலைவர் பிறந்தநாளென்றால் இல்லத்தில் விருந்து. நினைவுநாளென்றால் வேட்டி, சேலை. அந்த இலைச்சோற்றை நாம் இகழவில்லை. மறுநாள் காலை அங்கே எட்டிப் பார்ப்பவர் யார் என்றுதான் கேட்கிறோம்.

ஆட்சியினர் செய்ய வேண்டியது பெரிதல்ல. பயிற்சி பெற்ற தொண்டர் எந்நாளும் இல்லத்தில் நுழையலாம், முதியவரோடு தனித்துப் பேசலாம், குறையை அதிகாரியிடம் கொண்டு செல்லலாம் என விதி வகுக்கட்டும். நம் தோழர்கள் விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அனுமதி பெற்று, மாதத்தில் இரு மாலைகளை அருகிலுள்ள இல்லத்துக்கு அளியுங்கள். கையில் பழம் இல்லாவிட்டாலும் குற்றமில்லை, காது திறந்திருக்கட்டும். முதுமையில் நாவிழந்தோர் கேட்பது பிச்சையல்ல, உரிமை!