முதல் படியை உருவிவிட்டால் ஏறுவது எப்படி?

கணினிக்கு நிரல் எழுதும் வேலையைக் கணினியே செய்யத் தொடங்கிவிட்டது. 2021-ல் கிட்ஹப் நிறுவனம் 'கோபைலட்' என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரை அறிமுகப்படுத்தியது. அதன் பிறகு இப்படிப் பல கருவிகள் வந்துவிட்டன. கூகுளில் புதிதாக எழுதப்படும் நிரலில் கால் பங்குக்கும் மேல் இயந்திரம் எழுதி, பொறியாளர்கள் சரிபார்த்து ஏற்பதாக 2024 அக்டோபரில் சுந்தர் பிச்சை அறிவித்தார்.

இதில் சேரிக்கு என்ன கவலை என்று கேட்கலாம். கவலை இருக்கிறது.

தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது. ஆனாலும் உதவித்தொகையில் படித்து, வீட்டின் முதல் பட்டதாரியாகி, மென்பொருள் நிறுவனங்களில் நம் பிள்ளைகள் சிலர் கால் வைத்தார்கள். நுழைந்த வாசல் எது? சோதனை பார்ப்பது, சிறு பிழை திருத்துவது, பழைய நிரலைப் பராமரிப்பது ஆகிய தொடக்கநிலை வேலைகள்தான். மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, தப்பும் தவறுமாகச் செய்து தொழில் பழகினார்கள். கல்லூரி தராததை வேலை தந்தது.

இயந்திரம் முதலில் கைவைப்பது இந்த வேலைகளில்தான்.

பொறியாளர் தேவையில்லை என்று ஆகிவிடவில்லை. இயந்திரம் தவறான வரியையும் கூசாமல் எழுதித் தரும். அதைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். அமெரிக்காவில் 2025-ல் வெளியான ஓர் ஆய்வில், அனுபவமுள்ள 16 நிரலாளர்களுக்கு இக்கருவிகளோடு வேலை முடிக்க 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ வேகமாக முடித்ததாகவே நம்பினார்கள். கைதேர்ந்தவர்களே ஏமாறும் இடத்தில் புதியவர் என்ன செய்வார்? எது சரி, எது பிழை என்று பார்க்கும் கண், வேலை செய்து பழகித்தான் வரும். பழகும் இடத்தையே மூடிவிட்டால், வீட்டில் மடிக்கணினியும் துறையில் சொந்தக்காரரும் உள்ளவர்களுக்கே அந்தக் கண் வாய்க்கும். 'தகுதி' என்ற பழைய பூட்டு புதுச் சாவியோடு திரும்பி வரும்.

எனவே நாம் கேட்பது மூன்று. ஆதிதிராவிடர் நல விடுதிகள் ஒவ்வொன்றிலும் ஓடுகிற கணினியும் இணையமும் வேண்டும். 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில், இயந்திரம் எழுதிய நிரலைப் படித்துப் பிழை காணும் பயிற்சி சேர வேண்டும். அரசிடம் நிலமும் சலுகையும் பெறும் நிறுவனங்கள், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு ஊதியத்தோடு பழகுநர் இடங்கள் ஒதுக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இயந்திரத்தைப் பயன்படுத்துங்கள், அதைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், அதை வணங்கவும் வேண்டாம். ஆனால் அது தந்த நிரலில் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழில் விளக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால்தான் அது உங்கள் படிப்பு. கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள் என்று தலைமுறை தலைமுறையாக நமக்குச் சொல்லப்பட்டது. அதை மறுத்துத்தான் பள்ளிக்கூடம் வந்தோம். இயந்திரத்திடமும் கேள்வி கேட்போம்.