நன்றி: சொல்லுதலும் அறிதலும்

ஆய்வேட்டைக் கையில் எடுப்பவர்கள் முதலில் படிப்பது பெரும்பாலும் நன்றியுரையைத்தான். அதன் வரிசை ஏறக்குறைய மாறுவதேயில்லை: நெறியாளர், துறைத்தலைவர், நிதி நல்கிய அமைப்பு, பெற்றோர், நண்பர்கள். ஐந்தாண்டுகள் விடுதியில் சப்பாத்தி பரிமாறியவரின் பெயர் அதில் அரிதாகவே வரும். பல வேளைகளில் ஆய்வாளருக்கு அப்பெயரே தெரிந்திராது. இதை மரியாதைக் குறைவு என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் இழப்பு ஆய்வாளருக்கும்தான்.

நன்றி என்பது இன்று வாயால் சொல்லும் ஒன்றாகிவிட்டது. பழைய வழக்கில் அது செய்யப்பட்ட நன்மையைக் குறித்தது. திருக்குறளின் 11ஆம் அதிகாரம் 'செய்ந்நன்றி அறிதல்'. செய்தவர் பிறர், அறிய வேண்டியவர் பெற்றவர். சொல்லுதல் அத்தொடரில் இல்லவேயில்லை. வடமொழியின் 'கிருதக்ஞ' என்பதும் செய்ததை அறிந்தவர் என்றே பொருள்படும். பாலியின் 'கதஞ்ஞு'வும் அவ்வாறே. யாரிடமிருந்து யார் பெற்றனர் என்ற வழக்கமான சண்டையை ஒத்திவைத்தாலும், 'அறிதல்' என்ற வினை கவனத்திற்குரியது.

இந்தியர்களுக்கு நன்றி சொல்லத் தெரியாது என்ற குறை கருத்தரங்கத் தேநீர் இடைவேளைகளில் அடிக்கடி எழும். தாய் சோறிடும்போது மகன் 'நன்றி' என்றால் வீடே திகைக்கும் என்பது உண்மை. இந்தியிலும் 'தன்யவாத்' பெரிதும் மேடைக்குரிய சொல். ஆனால் சைமியோன் ஃப்ளாய்டும் பிறரும் 5 கண்டங்களின் 8 மொழிகளில் அன்றாட உரையாடல்களைப் பதிவுசெய்து 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, உதவி கிடைத்த தருணங்களில் சுமார் 20க்கு 1இல்தான் நன்றி சொல்லப்பட்டது. ஆங்கிலத்திலேயே அது 7க்கு 1 அளவுதான். எக்குவடோரின் சாபலா மொழியில் அதற்கென வழக்கமான தொடரே இல்லை. அதனால் அங்கே உதவிகள் நின்றுவிடவில்லை.

மகிழ்ச்சிக்கும் நன்றிக்கும் உள்ள தொடர்பைச் சோதித்த புகழ்பெற்ற ஆய்வும் இதற்கு அணுக்கமானது. ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்டது அது. 10 வாரங்கள், வாரத்திற்கு ஐந்துவரை, நன்றிக்குரியவற்றை எழுதிய மாணவர்கள், தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிடத் தம் வாழ்க்கையை நிறைவானதாக மதிப்பிட்டனர். யாரிடமும் சென்று நன்றி சொல்லும்படி அவர்கள் கேட்கப்படவில்லை. எண்ணிப் பார்த்ததே போதுமானதாயிருந்தது.

ஆயினும் 'குடும்பம், உடல்நலம், நண்பர்கள்' என்று நாள்தோறும் நிரப்பப்படும் குறிப்பேடு விரைவில் இன்னொரு முன்னேற்ற அறிக்கையாகிவிடும். (அத்தகைய அறிக்கைகளுக்குப் பல்கலைக்கழகங்களில் பஞ்சமில்லை.) அறிதலுக்கு நுணுக்கம் தேவை: யார், எதை, எதை விட்டுக்கொடுத்துச் செய்தார்? களப்பணியில் ஒரே வினைவடிவத்தை இருபது வாக்கியங்களில் மீண்டும் மீண்டும் சொல்லிக்காட்டும் மூதாட்டி அன்றைய அரைநாள் கூலியை இழந்திருக்கலாம். ஆய்வேட்டில் அவர் 'தகவலாளர் 4' ஆகிவிடுகிறார். இடம்மாறிய பழைய இதழ்த் தொகுதியை நூலகத்தின் அடித்தளத்தில் தூசியோடு தேடியெடுத்தவர் அடிக்குறிப்பிலும் இல்லை. இவற்றை அறிந்த ஆய்வாளர் தம் மேசையில் தனித்திருப்பதில்லை. ஐந்தாண்டுத் தனிமையில் அந்த உணர்வு சிறிய மகிழ்ச்சியன்று.

உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும்போது 'கிடைப்பதற்கு நன்றியோடு இருங்கள்' என்று சொல்லப்படுவது இதனோடு சேராது. உரிமைப்படி வரவேண்டியது நன்றிக்கடன் ஆகாது. கேட்டு வாங்கும் நன்றியில் அறிவதற்கும் ஏதுமில்லை.

உண்மையில் அறிதல் அமைதியைக் குலைக்கவும் கூடும். பரிமாறுபவரின் பெயரைக் கேட்டறிந்தவர், நாளடைவில் அவர் ஒப்பந்தத் தொழிலாளர் என்பதையும் அறிகிறார்; சென்ற மாதக் கூலி இன்னும் வரவில்லை என்பதையும் அறிகிறார். அதன்பின் அந்தத் தட்டை முன்போல் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட அவரால் முடிவதில்லை.